ஸ்கோர் வைப்பவரும் கணக்குப் பார்ப்பவரும்

கேட்டதும் சொன்னதும் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘ஸ்கோர்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. ஆங்கிலத் தொடரின் பொருள் கேட்டவர்களும் உண்டு, கிரிக்கெட் ஸ்கோர் நோட்டு எழுதத் தெரியாமல் தவித்தவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே தருகிறோம்.

*ஓர் ஆங்கிலக் கதையில் கணவன் மனைவியிடம் “ஐ ஆம் நாட் கீப்பிங் ஸ்கோர்” என்கிறான். அங்கே விளையாட்டு எதுவும் நடக்கவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? நாமும் பேச்சில் பயன்படுத்தலாமா?*
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

மைதானத்தில் ‘கீப் ஸ்கோர்’ என்றால் அது ஒரு வேலை. யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து குறிக்கிறார், அவ்வளவுதான். அதே தொடர் வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு குணத்தைச் சொல்லும், அதுவும் நல்ல குணத்தை அல்ல. நேற்று பாத்திரம் கழுவியது நான், போன பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தது நான், என் தங்கச்சி மகளுக்குக் காது குத்தியபோது உங்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பதை மனசுக்குள் வரவு செலவு எழுதிக்கொண்டே இருப்பது. தமிழில் இதைக் ‘கணக்குப் பார்க்கிறது’ என்போம். அது வாய்வழி வெளியே வந்தால் ‘சொல்லிக் காட்டுகிறது’. கதையில் அந்தக் கணவன் சொல்வது, “நான் ஒண்ணும் கணக்குப் பாக்கல” என்பதுதான்.

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இந்தப் பொருளில் இந்தத் தொடர் பெரும்பாலும் மறுப்பாகவோ கேள்வியாகவோதான் வரும்: “நான் ஸ்கோர் வைக்கவில்லை”, “யார் ஸ்கோர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்கிற மாதிரி. உடன்பாடாகச் சொன்னால், அதாவது “யூ ஆர் ஆல்வேஸ் கீப்பிங் ஸ்கோர்” என்றால், அது நேரடிக் குற்றச்சாட்டு. சண்டை போட மனசில்லாவிட்டால் மேலதிகாரியிடமோ மாமியாரிடமோ அப்படிச் சொல்ல வேண்டாம்.

இலக்கணத்தில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ‘கீப் ஸ்கோர்’ என்பதன் நடுவில் ‘எ’ போடக் கூடாது. ‘கீப் தி ஸ்கோர்’ உண்டு. அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் ஸ்கோரைக் குறிக்கிறவரைச் சொல்வதற்கு. அடுத்தது, “ஹி கெப்ட் ஸ்கோர்” என்றால் அவர் நோட்டும் பேனாவுமாக எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார் என்று பொருள். ரன் அடித்தவருக்கு “ஹி ஸ்கோர்ட்”. தமிழில் நாம் ரன் எடுப்போம், செஞ்சுரி அடிப்போம், கோல் போடுவோம், மார்க் வாங்குவோம். ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் ‘ஸ்கோர்’ என்ற ஒரே வினை போதும். போடுவதை ‘புட்’ என்றும் எடுப்பதை ‘டேக்’ என்றும் மாற்றுவதால்தான் “ஹி புட் எ கோல்”, “ஐ டுக் 90 மார்க்ஸ்” போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன.

இதன் பக்கத்து வீட்டுத் தொடர்களையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் வெட்டும்போது எத்தனை விழுந்தது என்று எண்ணுவது ‘கீப் கவுன்ட்’. சீட்டுப் பணம் எந்தெந்தத் தேதியில் கட்டினோம், இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று தொடர்ந்து கவனிப்பது ‘கீப் ட்ராக்’. ஒருவர் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று கண் வைப்பது ‘கீப் டேப்ஸ் ஆன்’. இரண்டு பக்கம் இருந்து, எந்தப் பக்கம் முந்துகிறது என்ற போட்டி இருந்தால் மட்டுமே ‘கீப் ஸ்கோர்’.

கல்யாண வீட்டில் சுருளும் மொய்யும் எழுதுகிற நோட்டை வெளிநாட்டு நண்பரிடம் விளக்க வேண்டி வந்தால் இந்தத் தொடரைத் தொடவே வேண்டாம். நம் ஊரில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, அவர்கள் வைத்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்வது மரியாதை. ‘கீப்பிங் ஸ்கோர்’ என்றால் கேட்பவர் காதில் அது கஞ்சத்தனமாகவும் மனக்குறையாகவும் விழும். ‘வீ கீப் எ ரெக்கார்ட் ஆஃப் தி கிஃப்ட்ஸ்’ என்று சொல்லி, அதே அளவு திருப்பிச் செய்வோம் என்பதையும் சேர்த்துவிட்டால் விஷயம் சேதமில்லாமல் போய்ச் சேரும்.

*ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை. பாக்கிப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணி “லெட் அஸ் செட்டில் தி ஸ்கோர்” என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர் கோபமாகப் பதில் எழுதினார். தப்பு எங்கே?*
— வாசகர், தக்கலை

“உன் கணக்கைத் தீர்க்கிறேன் பார்” என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். தமிழில் ‘கணக்குத் தீர்ப்பது’ என்பதற்குக் கடன் அடைப்பது, பழி வாங்குவது என்று இரண்டு பொருளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘செட்டில் எ ஸ்கோர்’ என்பதில் முதல் பொருள் செத்துப் பல காலம் ஆயிற்று. பகை தீர்ப்பது மட்டும்தான் மிச்சம். ‘ஈவன் தி ஸ்கோர்’ என்பதும் அந்த வழிதான், கொஞ்சம் மென்மை: அவன் ஒன்று கொடுத்தான், நானும் ஒன்று திருப்பிக் கொடுத்துச் சமன் செய்தேன். விளையாட்டுச் செய்தியில் அதுவே ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்ததைச் சொல்லும். அங்கே பகை இல்லை.

பணத்துக்கு ‘செட்டில் தி அக்கவுன்ட்’, ‘க்ளியர் தி டியூஸ்’, ‘பே தி பேலன்ஸ்’ என்று எழுதுங்கள். பன்மையில் ‘செட்டில் அக்கவுன்ட்ஸ் வித்’ என்று எழுதி அடுத்தாற்போல் ஆள் பேரைப் போட்டால் அதிலும் பழிவாடை அடிக்கும். ஆகவே எந்த பில், எந்தத் தேதி என்று கூடவே குறிப்பிட்டுவிடுங்கள், சந்தேகத்துக்கு இடம் இருக்காது.

அந்தப் பழைய பொருள் வந்த வழியும் சுவாரசியமானதுதான். ‘ஸ்கோர்’ என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. வெட்டு, கீறல் என்பது மூலப் பொருள். எழுதத் தெரியாத காலத்தில் கணக்கு என்பது கம்பில் போட்ட வெட்டுதான். நம் பக்கத்து மளிகைக் கடையிலும் டீக்கடையிலும் பற்று எழுதுகிற மாதிரி, இங்கிலாந்தின் மதுக்கடைகளில் வாடிக்கையாளர் குடித்ததற்குக் கோடு போட்டு வைப்பார்கள். அந்தக் கோடுகள்தான் ‘ஸ்கோர்’. பணம் கொடுத்துப் பற்றைத் தீர்ப்பது ‘செட்டில்’. அரசாங்கமும் இதைத்தான் செய்தது. தொகையைக் கம்பில் குறுக்கே வெட்டி, பிறகு கம்பை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதியும் வாங்கியவர் ஒரு பாதியும் வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால் அங்கேயே பிடிபடும். காலாவதியாகிப்போன அந்தக் கம்புகளை மொத்தமாக அடுப்பில் போட்டு எரித்தபோதுதான் 1834 அக்டோபர் 16 அன்று லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே தீப்பிடித்தது. கிரிக்கெட்டிலும் ஆரம்ப காலத்தில் ரன்னைக் கம்பில் வெட்டித்தான் குறித்தார்கள். ரன்னுக்கே அப்போது ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்று பேர்.

*எங்கள் கிளப் டென்னிஸ் பால் போட்டி நடத்துகிறது. இரண்டு பேர் ஸ்கோர் எழுதுகிறோம். முடிவில் ஒன்றிரண்டு ரன் இடிக்கிறது, சண்டை வருகிறது. பிழையில்லாமல் எழுதுவது எப்படி?*
— வாசகர், குளச்சல்

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் எக்ஸ்ட்ரா, அதாவது எந்தப் பேட்டர் கணக்கிலும் சேராத ரன்தான். ஒவ்வொரு ரன்னும் நோட்டில் மூன்று இடத்தில் ஏற வேண்டும்: பேட்டர் வரிசையில் அல்லது எக்ஸ்ட்ரா வரிசையில், பவுலர் கட்டத்தில், பிறகு 1, 2, 3 என்று அச்சடித்த மொத்த எண்களை அடித்துக்கொண்டு போகும் கட்டத்தில். ஓர் இடத்தில் எழுதிவிட்டு மற்ற இடத்தை மறந்தால் இடிக்கும்.

குறிகளை முதலில் ஒரே மாதிரி ஆக்குங்கள். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. வைடுக்குக் கூட்டல் குறி; வைடில் ஓடி எடுத்த ஒவ்வொரு ரன்னுக்கும் அந்தக் குறியின் மூலையில் ஒரு புள்ளி. நோ பாலுக்கு வட்டம்; மட்டையால் ரன் அடித்தால் அந்த எண்ணை வட்டத்துக்குள் எழுத வேண்டும். ‘பை’, அதாவது மட்டையிலும் உடம்பிலும் படாமல் போன பந்தில் எடுத்த ரன்னுக்கு முக்கோணம்; ‘லெக் பை’, அதாவது மட்டையில் படாமல் உடம்பில் பட்டுப் போன பந்தில் எடுத்த ரன்னுக்குத் தலைகீழ் முக்கோணம். பவுலருக்குச் சேரும் விக்கெட்டுக்கு டபிள்யூ. ரன் அவுட்டுக்குப் பவுலர் கட்டத்தில் டபிள்யூ போடக் கூடாது, அது அவர் எடுத்த விக்கெட் அல்ல.

யார் தலையில் எது ஏறும் என்பதில்தான் குழப்பம். வைடும் நோ பாலும் பவுலர் கொடுத்த ரன். பையும் லெக் பையும் பவுலர் கட்டத்தில் குறியாக மட்டும் ஏறும்; பவுலர் கணக்கில் சேராது, பேட்டர் கணக்கிலும் சேராது. நோ பாலில் மட்டையால் அடித்தது பேட்டருக்கு, அபராத ரன் ஒன்று மட்டும் எக்ஸ்ட்ராவுக்கு. பேட்டர் சந்தித்த பந்துகளில் வைடைச் சேர்க்கக் கூடாது, நோ பாலைச் சேர்க்க வேண்டும்.

ஓர் ஓவரைப் போட்டுப் பார்ப்போம். அ, ஆ இருவரும் ஆடுகிறார்கள். முதல் பந்து அ அடிக்கவில்லை, புள்ளி. அடுத்தது அ நான்கு. அடுத்தது வைடு, ஒரு ரன் ஓடிவிட்டார்கள்: வைடில் 2. இப்போது ஆ எதிர்கொள்கிறார், லெக் பை 1. மறுபடி அ, நோ பால், அதில் மட்டையால் 2. அடுத்த பந்தில் அ போல்டு. புதிதாக வந்த இ ஒரு ரன். கடைசிப் பந்து ஆ அடிக்கவில்லை.

இப்போது பேட்டர் பக்கம்: அ 6, ஆ 0, இ 1, ஆக 7. எக்ஸ்ட்ரா: வைடு 2, லெக் பை 1, நோ பால் 1, ஆக 4. இரண்டும் சேர்ந்து 11. பவுலர் பக்கம்: 4, வைடில் 2, நோ பாலில் 3, இ எடுத்தது 1, ஆக 10. அதோடு லெக் பை 1 கூட்டினால் 11. மொத்தக் கட்டத்திலும் 11 வரை அடித்திருக்க வேண்டும். பந்து எண்ணிக்கையையும் சோதிக்கலாம்: அ 4, ஆ 2, இ 1, ஆக 7 பந்து. முறையான பந்து 6, நோ பால் 1, சரியாகப் பொருந்துகிறது.

முடிவில் இடித்தால் முழு நோட்டையும் திரும்பக் கூட்டி நேரத்தைப் போக்க வேண்டாம். மூன்று தொகையில் எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை விட்டுவிட்டு மூன்றாவதைச் சந்தேகப்படுங்கள். பவுலர் பக்கம் மட்டும் குறைந்தால் ஏதோ ஒரு வைடு அல்லது நோ பால் பவுலர் கட்டத்தில் ஏறவில்லை. பேட்டர் பக்கம் மட்டும் குறைந்தால் எக்ஸ்ட்ரா வரிசையை முதலில் பாருங்கள். மொத்தக் கட்டம் மட்டும் தனித்து நின்றால் வரி மாறும் இடத்தில், 19, 20 அல்லது 29, 30 பக்கத்தில், ஓர் எண்ணைத் தாண்டி அடித்திருப்பீர்கள்.

அதைவிட, இந்த நிலைக்கே வராமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு அணிக்காரர்கள் இரண்டு மூலையில் உட்கார்ந்து எழுதுவதுதான் நம் ஊர்ப் போட்டிகளின் சாபம். பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மொத்தம், விக்கெட், பவுலர் எண்ணிக்கை மூன்றையும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துப்பாருங்கள். கிரிக்கெட் விதிகளில் மூன்றாவது விதி முழுக்க ஸ்கோர் எழுதுபவர்களைப் பற்றியதுதான். அதன்படி இருவர் வேண்டும், அடிக்கடி ஒத்துப்பார்க்க வேண்டும், நடுவர் காட்டும் ஒவ்வொரு சைகையையும் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவரும் அந்த ஒப்புதல் கிடைத்த பிறகே அடுத்த பந்தை விட வேண்டும். கையை உயர்த்திக் காட்டுங்கள்; கடற்கரைக் காற்றில் கத்தினால் யார் காதிலும் விழாது.

சைகையில் அடிக்கடி தவறவிடுவது இரண்டு. திறந்த கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பை, உயர்த்திய முழங்காலைத் தொட்டால் லெக் பை. இரண்டையும் மாற்றினால் மொத்தம் மாறாது, ஆனால் நோட்டு பொய் சொல்லும். ஒரு கையை மடக்கி விரல் நுனியால் அதே பக்கத் தோளைத் தொட்டால் ‘ஷார்ட் ரன்’, அதாவது ஓடிய ரன்னில் ஒன்று செல்லாது. இதைப் பார்க்காமல் விட்டால்தான் அந்த ‘ஒரு ரன்’ சண்டை. வைடுக்கு ரன் கிடையாது, பந்து மட்டும் மறுபடி என்ற மாதிரி உள்ளூர் விதி ஏதாவது வைத்திருந்தால் டாஸுக்கு முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

*பள்ளி விளையாட்டு விழாவில் ஆங்கிலத்தில் வர்ணனை செய்ய வேண்டும். 2-2, 0-0 இவற்றை எப்படி வாசிப்பது?*
— ஆசிரியை, நாகர்கோவில்

இருவரும் இரண்டு என்றால் ‘டூ-ஆல்’. ‘டூ-டூ’ என்றாலும் தப்பில்லை. ‘டூ-டூ ஆல்’ என்று இரண்டையும் கலப்பதுதான் தப்பு. பூஜ்யத்துக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் பேர் மாறும். கால்பந்தில் ‘நில்’: 0-0 என்றால் ‘நில்-நில்’ அல்லது ‘கோல்லெஸ்’. தூத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கால்பந்து வர்ணனை கேட்டே வளர்ந்தவர்கள். டென்னிஸிலும் பாட்மின்டனிலும் ‘லவ்’. கிரிக்கெட்டில் பூஜ்யத்தில் அவுட் ஆனவருக்கு ‘டக்’.

வரிசையிலும் கவனம் வேண்டும். டென்னிஸிலும் பாட்மின்டனிலும் சர்வீஸ் போடுபவரின் புள்ளி முதலில் வரும். ஆகவே ‘லவ்-ஃபிஃப்டீன்’ என்றால் சர்வீஸ் போட்டவர் முதல் புள்ளியை இழந்துவிட்டார். டென்னிஸில் 40-40க்கு ‘ஆல்’ கிடையாது, ‘டியூஸ்’. கிரிக்கெட்டில் நாமும் ஆங்கிலேயரும் ‘120 ஃபார் 3’ என்போம், ஆஸ்திரேலியர் ‘3 ஃபார் 120’ என்று திருப்பிச் சொல்வார்கள். வாலிபாலில் 25 புள்ளி, ஐந்தாவது செட் 15. எதிலும் 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். ஆகவே 24-24 என்று நிற்கும்போது ‘செட் பாயின்ட்’ என்று அவசரப்பட்டு அறிவித்துவிடாதீர்கள்.

*“பட் ஹூ இஸ் கவுன்ட்டிங்?” என்று முடிப்பது எதற்கு?*
— வாசகி, ஆரல்வாய்மொழி

துல்லியமாக எண்ணிவிட்டு, எண்ணவே இல்லை என்று நடிப்பதற்கு. “இது மூணாவது தடவையாக்கும் நீ என் குடையக் கொண்டுபோறது, நான் ஒண்ணும் கணக்கு வைக்கல, கேட்டியா” என்று நம் பக்கம் சொல்வோமே, அதேதான். எண் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் நகைச்சுவை வேலை செய்யாது. ‘ஹூ இஸ் கீப்பிங் ஸ்கோர்?’ என்றும் சொல்லலாம். நண்பர்களுக்குள் சரி, விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம்.

*ஆபிரகாம் லிங்கனின் உரையில் வரும் ‘ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்’ என்பது எத்தனை? ஸ்கோர் என்றால் 20 எப்படி?*
— ஆசிரியர், திருவட்டாறு

87. நான்கு இருபது 80, அதோடு 7. அவர் பேசியது 1863, சுதந்திரப் பிரகடனம் 1776, கழித்துப் பாருங்கள். ஆடு மாடு எண்ணும்போது இருபதுக்கு ஒரு பெரிய வெட்டுப் போட்டதால் அந்த வெட்டின் பேரே இருபதுக்கு ஆகிவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கிங் ஜேம்ஸ் பைபிளில் 90ஆம் சங்கீதம் மனித ஆயுளை ‘த்ரீஸ்கோர் இயர்ஸ் அண்ட் டென்’ என்கிறது; தமிழ் வேதாகமத்தில் அது நேராக எழுபது வருஷம். இன்று பேச்சில் 20க்கு ‘ஸ்கோர்’ யாரும் சொல்வதில்லை. பன்மையில் ‘ஸ்கோர்ஸ் ஆஃப் பீப்பிள்’ மட்டும் செய்திகளில் வரும். அதற்கு ‘ஏராளமானோர்’ என்று பொருள். 40 பேர், 60 பேர் என்று பெருக்கிப் பார்க்கக் கூடாது.

*‘நோ தி ஸ்கோர்’, ‘ஆன் தட் ஸ்கோர்’ — இவை?*
— போட்டித் தேர்வு எழுதுபவர், கருங்கல்

முதலாவது (இங்கே ‘நோ’ என்றால் ‘தெரியும்’, ‘இல்லை’ அல்ல), உள்விவகாரம் தெரிந்தவர் என்பது. “ஹி நோஸ் தி ஸ்கோர்” என்றால் ஆளுக்கு நிலவரம் தெரியும், இனிப்புப் பேச்சில் ஏமாறமாட்டார். இரண்டாவது, ‘அந்த விஷயத்தைப் பொறுத்தவரை’. பெரும்பாலும் கவலையோடு சேர்ந்து வரும்: “நோ வொர்ரீஸ் ஆன் தட் ஸ்கோர்” என்றால் அந்த வகையில் கவலை இல்லை. தேர்வில் இதற்கு ‘மதிப்பெண்’ என்ற விடையையும் பக்கத்தில் வைத்து மயக்குவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொருள் குறிப்பிடாமல் வெறுமனே “டிட் யூ ஸ்கோர்?” என்று கேட்பது கொச்சைப் பேச்சில் போதைப்பொருள் கிடைத்ததா என்றும், அதைவிட விரசமாகவும் பொருள்படும். நண்பரின் மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள ‘வாட் டிட் யூ கெட்?’ என்று கேளுங்கள், போதும்.